ஒரு திருகைத் தொட்டால் நான்கு சக்கரமும் அசையும்

1950களின் பிரிட்டனில் புதுக் கார் வாங்கினால் விலையோடு பெரும் கொள்முதல் வரியும் தலையில் விழும். அதே காரை உதிரி பாகங்களாக வாங்கி, வீட்டுக் கொட்டகையில் தானே பூட்டிக்கொள்பவருக்கு அந்த வரி கிடையாது. ஆனால் காரைப் பூட்டும் முறையை விளக்கும் கையேட்டைப் பெட்டியில் வைத்து அனுப்பக் கூடாது என்பது விதி. லோட்டஸ் நிறுவனம் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டதாகச் சொல்வார்கள். காரைப் பிரிப்பது எப்படி என்று ஒரு கையேடு போட்டார்களாம். வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படித்துக்கொண்டே வந்தால் கார் தயார்.

அந்தக் கார்தான் 1957இல் வந்த லோட்டஸ் செவன். கதவு கிடையாது, நிலையான கூரையும் கிடையாது. எடை சுமார் 500 கிலோ. ஃபோர்டின் 1172 சிசி இன்ஜின், 40 குதிரைத்திறன். இன்று நம் தெருவில் நிற்கும் சின்னக் கார்கள் பலவற்றுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு திறன் உண்டு. ஆனாலும் வளைவான சாலையில் செவனின் பின்னால் போய் அவை திணறத்தான் செய்யும். 1973இல் லோட்டஸிடமிருந்து உற்பத்தி உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் என்ற நிறுவனம், அதே உருவத்தில் இன்றும் காரைச் செய்கிறது, பெட்டியில் போட்டும் விற்கிறது. அதே 1973இல்தான் பிரிட்டனில் வாட் வரி வந்து பழைய சலுகை ஒழிந்தது. சலுகை போய் அரை நூற்றாண்டு ஆகியும், சனிக்கிழமைகளில் கை முழுக்கக் கிரீஸோடு கொட்டகையில் கிடப்பவர்கள் குறையவில்லை. காசு மிச்சம் என்பது மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. பள்ளியில் மனப்பாடம் செய்த இயற்பியல், கையில் ஸ்பானரோடு திரும்பி வரும் இடம் அது.

லோட்டஸின் நிறுவனர் காலின் சாப்மன் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கட்டடப் பொறியியல் படித்தவர். 1948இல் பழைய ஆஸ்டின் செவன் ஒன்றைப் பிரித்துத் தன் முதல் காரைக் கட்டினார். அவர் படித்த படிப்பு லோட்டஸ் செவனின் எலும்புக்கூட்டில் தெரியும். நான்கு பட்டைகளை நான்கு முனையிலும் ஒற்றை ஆணியால் இணைத்துச் சதுரமாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் தள்ளினால் சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை இன்னொரு பட்டையை அடித்தால் அசையாது. சதுரம் இரண்டு முக்கோணமாகிவிட்டது, அவ்வளவுதான். பக்கங்களின் நீளம் மாறாத வரை முக்கோணத்தின் வடிவமும் மாறாது. செவனின் சேஸிஸ் இப்படி மெல்லிய குழாய்களால் ஆன முக்கோணங்களின் கூட்டம். வளைக்கும் விசை எங்கிருந்து வந்தாலும் அது பெரும்பாலும் குழாயை நீளவாக்கில் இழுக்கிறது அல்லது அழுத்துகிறது. மெல்லிய குழாய் வளைப்புக்குச் சீக்கிரம் பணியும், நீளவாக்கு இழுப்புக்கு லேசில் பணியாது. கால் காசு இரும்பில் முழுக்காசு விறைப்பு கிடைக்கும் ரகசியம் இதுதான்.

குழாய்ச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகட்டை வரிசையாக ரிவெட் அடித்துப் பொருத்துவார்கள். அழகுக்காக மட்டும் அல்ல. நான்கு பக்கமும் இறுகப் பிடித்த தகடு சட்டத்தைச் சாயவிடாது, அதனால் முக்கோணத்தின் வேலையைத் தகடும் பகிர்ந்துகொள்கிறது. இங்கே வேதியியலும் குறுக்கிடும். அலுமினியமும் இரும்பும் ஒட்டியிருக்கும் இடத்தில் மழைத்தண்ணீர் தங்கினால் அது குட்டி பேட்டரியாகி அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும். ஆகவே குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் மாதிரி இறுகும் பசையைத் தடவிய பிறகே ரிவெட். இதை முதல் காரில் தவிர்த்துவிட்டு மூன்றாம் ஆண்டில் பெயின்ட் கொப்பளிப்பதைப் பார்த்தவர்கள்தான், அடுத்து கட்ட வருபவருக்கு முதலில் சொல்வதும் இதைத்தான்.

இந்தக் கலையைப் பெட்டி வாங்கக்கூட வசதியில்லாதவர்களிடம் கொண்டுபோனவர் ஒரு பள்ளி ஆசிரியர். 1996இல் ரான் சாம்பியன் எழுதிய புத்தகம், 250 பவுண்டுக்கு ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று அட்டையிலேயே சொன்னது. ஒரு அங்குலச் சதுரக் குழாய், ஒரு வெல்டிங் மெஷின், உடைப்புக்குப் போகவிருந்த ஒரு ஃபோர்டு எஸ்கார்ட் கார். எஸ்கார்ட்டின் இன்ஜின், கியர் பாக்ஸ், பின் அச்சு எல்லாம் புதுச் சட்டத்துக்குள் குடியேறும். அந்த 250 பவுண்டை நம்பி இறங்கியவர்களில் எத்தனை பேருடைய பர்ஸ் தப்பியது என்பது வேறு கதை. ஆனால் அந்தப் புத்தகத்தால் ஊர் ஊராகக் கூட்டம் சேர்ந்தது. ஒருவருக்கு வெல்டிங் கைவந்திருக்கும், இன்னொருவர் வயரிங்கில் கெட்டி, மூன்றாமவரிடம் இன்ஜின் தூக்கும் கிரேன் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டுக் கொட்டகை, அடுத்த வாரம் மற்றவர் வீடு.

கார் ஓடத் தொடங்கியதும் எல்லோருக்கும் வரும் அடுத்த ஆசை, இன்ஜினை மாற்றுவது. வேடிக்கை அங்கேதான் ஆரம்பம்.

மோட்டார் சைக்கிள் இன்ஜின்மேல் இவர்களுக்குத் தனி மோகம். சுசுகி ஹயபூசாவின் 1300 சிசி இன்ஜின் 170 குதிரைத்திறனுக்கு மேல் தரும். கியர் பாக்ஸும் அதனுடனேயே சேர்ந்து வரும், எடையும் கார் இன்ஜினைவிடக் குறைவு. 500 கிலோ காரில் இதை வைத்தால் கணக்குப் பார்க்கவே தலை சுற்றும். ஆனால் பைக் இன்ஜினுக்குத் தான் காருக்குள் இருப்பது தெரியாது.

பைக் வளைவில் திரும்பும்போது சாய்கிறது. புவியீர்ப்பும் பக்கவாட்டு விசையும் சேர்ந்து உண்டாகும் மொத்த விசை, பைக்கின் தலையிலிருந்து கால்வரை நேராகத்தான் செல்லும். அதனால் இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் அது இருந்த இடத்திலேயே கிடக்கும். கார் சாயாது. நல்ல டயர் போட்ட செவன் ஒன்று வளைவில் புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு முடுக்கத்தை எட்டும்போது, சம்ப்புக்குள் ஆயிலின் மேற்பரப்பு 45 பாகை சாய்ந்து ஒரு பக்கச் சுவரில் ஏறிவிடும். ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாய் அப்போது காற்றில் நிற்கும். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று சுற்றும் கிராங்குக்கு ஓரிரு நொடி ஆயில் வராவிட்டால் போதும், பேரிங் கருகிவிடும். நீண்ட வளைவில் இன்ஜினைப் பறிகொடுத்தவர்கள் இந்தப் பாடத்துக்குச் செலவழித்த தொகையில் ஒரு பழைய கார் வாங்கலாம். தீர்வு, சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பது. அல்லது ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்துப் பம்ப்பால் அனுப்புவது.

அதோடு முடியவில்லை. 200 சொச்சம் கிலோ பைக்கை நகர்த்தச் செய்த கிளட்ச் இப்போது அதைப்போல் இரண்டு பங்குக்கு மேல் இழுக்க வேண்டும். பைக்குக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. பிரிட்டன் சட்டப்படி 410 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி பின்னோக்கியும் போகத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காக ஒரு மின் மோட்டாரைப் பொருத்துவார்கள், எடையில் மிச்சம் பிடித்ததில் கொஞ்சம் அங்கே போய்விடும்.

பிரேக்கும் தகராறு செய்யும். ஓட்டுநரோடு 600 கிலோ உள்ள கார், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில், முன் பின் அச்சுகளுக்கு இடையே 2.25 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பலமாகப் பிரேக் அடித்து, வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பு அளவுக்கு வந்தால், பின் சக்கரங்களிலிருந்து முன் சக்கரங்களுக்கு மாறும் பாரம் சுமார் 107 கிலோ. நிற்கும்போது முன்னும் பின்னும் 300 இருந்தது, இப்போது முன்னால் 407, பின்னால் 193. எஸ்கார்ட்டின் பிரேக்கை அப்படியே எடுத்துப் பொருத்தினால், அது வேறோர் எடைக்கு அளவெடுத்த பிரேக். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் அது பக்கவாட்டுப் பிடிப்பை இழக்கும், வண்டி பம்பரமாகச் சுழலும். எனவே கால் மிதியருகே ஒரு திருகு வைத்து, முன்னுக்கும் பின்னுக்கும் போகும் விசையைப் பங்கு பிரிப்பார்கள்.

எல்லாவற்றிலும் நுணுக்கமானது நான்கு மூலை எடை பார்ப்பது. ஒரு கால் குட்டையான நாற்காலி ஆடுவதைப் போல, நான்கு சக்கர வண்டியிலும் ஏதோ ஒரு மூலை பாரத்தை ஏய்க்கும். ஸ்பிரிங் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கொட்டகைத் தரையை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எடைத் தட்டுகளை வைப்பார்கள். டயர் காற்று சரியாக இருக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் அவரே உட்கார வேண்டும், இல்லையென்றால் அவர் எடைக்கு மணல் மூட்டை. உதாரணத்துக்கு, முன் இடது 155, முன் வலது 135, பின் இடது 140, பின் வலது 170 என்று தட்டுகள் காட்டுகின்றன. மூலைக்கு மூலை கூட்டினால் ஒரு பக்கம் 325, மறுபக்கம் 275. இந்தக் கார் இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். பலமாகப் பிரேக் அடித்தால் பாரம் குறைந்த முன் வலது சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும்.

இப்போது ஒருவர் முன் வலது ஸ்பிரிங்கின் அடித் தட்டைக் கொக்கி ஸ்பானரால் ஒரு சுற்று ஏற்றுகிறார். அந்த மூலையில் எடை கூடும், கூடவே எதிர் மூலையான பின் இடதிலும் கூடும். மற்ற இரண்டில் குறையும். முன்பக்க மொத்தம், பின்பக்க மொத்தம், இடது மொத்தம், வலது மொத்தம் நான்கும் இம்மி மாறாது, ஏனென்றால் அவற்றைத் தீர்மானிப்பது ஈர்ப்பு மையம் இருக்கும் இடம். ஸ்பிரிங்கால் ஆவது மூலைகளுக்குள் பங்கு மாற்றுவது மட்டுமே. ஒருவர் திருக, ஒருவர் எண்களைப் படிக்க, ஒருவர் அசையாமல் இருக்கையில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் வண்டியை முன்னும் பின்னும் உருட்டி ஸ்பிரிங்கைப் பழையபடி அமரவிட்டு மறுபடி படிக்க வேண்டும். மூலைக்குப் பன்னிரண்டரை கிலோ வீதம் நான்கிலும் பங்கு மாறி இரண்டு கூட்டலும் 300 ஆவதற்குள் மாலை ஆகிவிடும். ஒற்றை ஆளாகச் செய்ய முயன்றால் பைத்தியம் பிடிக்கும்.

இத்தனை பாடும் எடை குறைவு என்ற ஒற்றைக் குணத்துக்காகத்தான். டயரின்மேல் பாரத்தை இரட்டிப்பாக்கினால் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை, அதற்குக் குறைவாகவே கூடும். ஆகவே ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் பிடிப்பு, கனமான காரைவிட இலேசான காருக்கு அதிகம். பெரிய இன்ஜினால் இதை வாங்க முடியாது. கேட்டர்ஹாமின் 170 என்ற மாடலில் இருப்பது சுசுகியின் 660 சிசி இன்ஜின், 84 குதிரைத்திறன், எடை வெறும் 440 கிலோ. கட்டுகிறவர்கள் பலர் ஹயபூசாவில் ஏறிவிட்டு இதற்குத் திரும்புவது எனக்கு வியப்பாக இல்லை. செவனுக்குக் குறையும் உண்டு. தட்டை முகமும் வெளியே துருத்திய சக்கரங்களும் காற்றைக் கிழிக்காமல் முட்டிக்கொண்டு போகும். காற்றைத் தள்ளத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடி விகிதத்தில் ஏறுவதால், நெடுஞ்சாலையில் எவ்வளவு இன்ஜின் போட்டாலும் ஓரளவுக்கு மேல் பலன் தராது.

கட்டி முடித்த கார் சாலைக்கு வருவதற்குமுன் பிரிட்டனில் அரசின் பரிசோதனை உண்டு. 2009 முதல் அதற்கு ஐ.வி.ஏ. என்று பெயர். பரிசோதகர் கையில் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்து இருக்கும். அந்தப் பந்து தொடக்கூடிய வெளி விளிம்புகளெல்லாம் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும், நடந்துபோகிறவர்மேல் வண்டி இடித்தால் கிழித்துவிடக் கூடாது என்பதற்காக. அதற்காக நட்டு போல்ட்டுக்கெல்லாம் பிளாஸ்டிக் தொப்பி மாட்டிப் போவார்கள். வீடு திரும்பியதும் சிலர் கழற்றிவிடுவதும் உண்டு. விதியின் நோக்கம் புரிந்தவர்கள் அப்படிச் செய்யக் கூடாது.

நம் ஊரில் இந்த ஆசைக்குச் சாலையில் இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வீட்டில் கட்டிய ஒற்றைக் காரைப் பரிசோதித்துப் பதிவுசெய்யும் எளிய வழி நம்மிடம் இல்லை. அதனால் சொந்த வண்டியின் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவதும் சைலன்சரை மாற்றுவதும் அறிவியல் ஆகாது, அபராதம்தான் மிஞ்சும்.

ஆனால் கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. குறைந்த செலவில் பந்தயக் கார்களைக் கோவையிலேயே வடிவமைத்துக் கட்டிய கரிவர்தன் பெயரில் அமைந்த களம். ஃபார்முலா பாரத் போட்டிக்கு நாடெங்கிலுமிருந்து பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே வெல்டிங் செய்து கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களோடு அங்கே வருகிறார்கள். இன்ஜினுக்கு 710 சிசி உச்சவரம்பு, பெரும்பாலும் பைக் இன்ஜின்தான். ஆயில் ஒதுங்கும் தொல்லையும் நான்கு மூலைக் கணக்கும் அவர்களுக்கும் உண்டு. உங்கள் கல்லூரியில் அப்படி ஓர் அணி இருந்தால் போய்ச் சேருங்கள். அணியின் பணத்தைக் கையாளும் பொறுப்பு உங்களிடம் வந்தால், இன்ஜினில் கை வைக்கும் முன் நான்கு எடைத் தட்டுகளை வாங்கிவிடுங்கள்.