ஒரு சைக்கிள், ஒரு சாமான்: கணினி விளையாட்டை நாமே செய்வது பற்றி

கடந்த வருடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் வன்னி மாணவி ஒருத்தி தன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். திரையில் மூன்று வரி இருந்தது. "ஷெல் கிட்ட வருகுது. சைக்கிளில் ஒரு சாமான் மட்டும்தான் கட்டலாம். எதைக் கட்டுவாய்?" அதற்குக் கீழே அரிசி, தையல் மெஷின், காணி உறுதி, அல்பம் என்று நான்கு சொற்கள். நான் அல்பத்தைத் தொட்டேன். நான்காவது பக்கத்தில் தம்பிக்குப் பசித்தது. கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

கணினி விளையாட்டு என்றால் துப்பாக்கி, கார் ஓட்டம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஊடகக் கற்கைகளில் பட்டம் எடுத்தவள் நான். எங்கள் பாடத்திட்டத்தில் சினிமா இருந்தது, வானொலி இருந்தது, விளையாட்டு இருக்கவில்லை. அந்த நான்கு சொற்களுக்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடினேன். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு நண்பரின் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறேழு பேர் கூடிப் பழகியும் பார்த்தோம். அங்கே கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவள் பாவித்தது ட்வைன் என்ற இலவச மென்பொருள். கிறிஸ் கிளிமாஸ் என்பவர் 2009இல் வெளியிட்டது. இணைய உலாவியிலேயே வேலை செய்யும், கணினியிலும் இறக்கி வைக்கலாம். ஒவ்வொரு பக்கமும் ஒரு சிறு பெட்டி. பெட்டிக்குள் தமிழிலேயே கதையை எழுதுகிறோம். வாசகர் தொட வேண்டிய சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் [[காணி உறுதி]] என்று போட்டால், அதே பெயரில் புதிய பெட்டி தானாக உருவாகும், இரண்டுக்கும் நடுவில் ஒரு அம்புக்குறி விழும். இதை விளங்கிக்கொள்ள எங்களுக்குப் பத்து நிமிடம்கூடப் போகவில்லை. முடிந்த விளையாட்டு ஒரேயொரு கோப்பாக வெளியே வரும். அதை வட்ஸ்அப்பில் அனுப்பலாம். பெற்றவர் தன் கைத்தொலைபேசியின் உலாவியில் திறந்து விளையாடலாம், டேட்டா தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. உலாவியில் எழுதும்போது கதை அந்த உலாவியின் நினைவகத்தில்தான் சேமிக்கப்படுகிறது. எங்களில் ஒருவர் கொம்யூனிகேஷன் ஒன்றில் இருந்து இரண்டு நாள் எழுதினார். மூன்றாம் நாள் போனபோது கடைக்காரர் கணினியைத் 'துப்புரவு' செய்திருந்தார். கதை முழுவதும் போயிற்று. எழுந்து போகும் முன் ஒவ்வொரு முறையும் கோப்பாக இறக்கி உங்கள் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுக் கணினியில் குடும்பக் கதையை விட்டுவிட்டு வருவதும் நல்லதல்ல. நம் நாட்டில் அதற்கான காரணத்தை நான் விளக்கத் தேவையில்லை.

படம் ஓட வேண்டும், பூனை குதிக்க வேண்டும் என்று சிறுவர்கள் கேட்டால் ஸ்க்ராட்ச் போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வுகூடம் 2007இல் வெளியிட்டது. கட்டளைகளை வண்ணக் கட்டைகள் போல ஒன்றோடொன்று பொருத்த வேண்டியதுதான்.

பெரிதாகச் செய்ய நினைப்பவர்களுக்கு கோடோ இருக்கிறது. ஆர்ஜென்டினாக்காரர் இருவர் தொடங்கியது, 2014 முதல் எல்லோருக்கும் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. இதில் தமிழருக்கென்று ஒரு விஷயம் உண்டு. பழைய பதிப்புகளில் தமிழ் எழுத்து உடையும்: 'கெ' என்று எழுதினால் கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். 2023 மார்ச்சில் வந்த நான்காம் பதிப்பில்தான் இது சரியானது. ஆகவே யாராவது பழைய பதிப்பைப் பிரதி பண்ணித் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ட்வைனில் இந்தத் தொல்லை இல்லை. உலாவிக்குத் தமிழ் தெரியும்.

போரை விளையாட்டாக்கலாமா என்று முன்னறையில் ஒரு அண்ணர் கோபத்தோடு கேட்டார். 83இல் கண்டியில் கடையை இழந்த குடும்பம் அவருடையது. கேள்வி நியாயமானது. நப்லஸ் நகரத்துப் பலஸ்தீனர் ரஷீத் அபூஐதே, 2014 காசா போரை வைத்து 'லைலாவும் போரின் நிழல்களும்' என்ற சிறு விளையாட்டைச் செய்தார். 2016இல் அப்பிள் நிறுவனம் அதை விளையாட்டுப் பிரிவில் சேர்க்க முதலில் மறுத்தது. கண்டனம் எழுந்த பிறகே ஏற்றுக்கொண்டது. அதில் ஒரு தகப்பன் தன் மகளோடு ஓடுகிறான். வெல்வதற்கு ஒன்றுமில்லை. அதை அண்ணருக்கு விளையாடக் கொடுத்தோம். முடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் நின்றார். அடுத்த கிழமையும் வந்தார்.

என் அபிப்பிராயத்தில் கடினமான பகுதி மென்பொருள் அல்ல. தெரிவு இருக்கும் இடத்தில்தான் விளையாட்டு இருக்கும். எங்கள் சனத்துக்கு எத்தனை இடத்தில் தெரிவு இருந்தது? அந்த மாணவி இதில்தான் மாட்டிக்கொண்டாள். ட்வைனில் நான்கு சொல்லையும் வெவ்வேறு பாதையால் கொண்டுபோய் ஒரே பெட்டியில் முடிக்கலாம். அவள் அப்படித்தான் செய்திருந்தாள். எதைக் கட்டினாலும் கடைசிப் பெட்டியில் அப்பா இல்லை.

விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். "அம்மா நாலையும் தொட்டுப் பார்த்தா அக்கா. பிறகு கேட்டா, 'இதில எதைத் தொட்டா அப்பா எங்களோட வருவார்?' எண்டு."

அதன் பிறகு ஒரு மாதம் அவள் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. போன ஞாயிறு மடிக்கணினியோடு வந்தாள். பெட்டிகளும் அம்புகளும் நிறைந்த வரைபடத்தின் வலது ஓரத்தில் புதிதாக ஒரு பெட்டி இருந்தது. 'அப்பா வந்த பாதை' என்று பெயர். உள்ளே என்ன எழுதியிருக்கிறாள் என்று திறந்து காட்டவில்லை. எந்த அம்பும் அதற்குப் போகவில்லை. விளையாடுபவர் யாருக்கும் அது கிடைக்காது, செய்தவளின் திரையில் மட்டும் தெரியும்.

"அது அங்கேயே இருக்கட்டும் அக்கா" என்றாள். பென் டிரைவைச் செருகிக் கோப்பை இறக்கினோம்.