மாத்திரையை விடுவதும் ஒரு மருத்துவமே

நம் எல்லைப்புறத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், அலமாரியிலே தைலப் புட்டியை அடுத்து ஒரு மாத்திரை அட்டை இருக்கக் காணலாம். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு ஆகிய இடங்களின் தேயிலைத் தோட்டங்களிலும், உடும்பன்சோலைப் பகுதியின் ஏலத்தோட்டங்களிலும், நெல்லியாம்பதி மலையிலும், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் முதலிய பாலக்காட்டு எல்லையூர்களிலும் வாழும் நம்மவர் அதனை 'நரம்பு மாத்திரை' என்பர். 'தூக்க மாத்திரை' என்பாரும் உளர். பெயர் எதுவாயினும், மனப் பதற்றத்தைத் தணித்து உறக்கம் தருவதற்காக மருத்துவர் என்றோ ஒருநாள் எழுதிக் கொடுத்த மருந்து அது. பத்து நாளைக்கெனத் தொடங்கியது பத்து ஆண்டாகத் தொடர்வதும் உண்டு.

பதற்றத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்னும் கவலை ஒருபுறம். பிள்ளைகளின் படிப்புச் செலவு மற்றொருபுறம். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்களைக் கொண்டுபோன பின், பெருமழை பெய்யும் இரவில் கண்ணயராத தாய்மார்களை யார் குறை கூற இயலும்? மருந்து வேண்டிய வேளையில் மருந்து உண்டது பிழையன்று. ஆயின், அதனை விடும் முறையை அறியாமையால் விளையும் கேடு பெரிது. அதனைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

சொல்ல வந்த செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம்: நெடுநாள் உண்ட இம்மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தலாகாது. மருத்துவர் துணையோடு சிறிது சிறிதாகக் குறைத்தே விடுதல் வேண்டும்.

மருந்து வந்த வரலாறு

இம்மருந்துகளுள் பெரும்பாலானவை பென்சோடயசிபைன் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் வேதியியல் அறிஞர் ரோஷ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்த குளோர்டயசிபாக்சைடு 1960இல் 'லிப்ரியம்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1963இல் டயசிபம், 'வேலியம்' என்ற பெயரில் வந்தது. அதற்கு முன் வழங்கிய பார்பிட்யூரேட் என்னும் உறக்க மருந்துகள் அளவு மிஞ்சினால் எளிதில் உயிரைப் பறித்தன. புதிய மருந்து அத்துணைக் கொடியது அன்று என்பதால் உலகம் அதனை இருகை நீட்டி வரவேற்றது. பின்னர் நைட்ரசிபம், லோரசிபம், குளோனசிபம், அல்பிரசோலம் எனப் பல தம்பிமார் தோன்றினர்.

எச்சரிக்கைக் குரலும் எழாமல் இல்லை. 1961இலேயே ஹாலிஸ்டர் என்னும் அமெரிக்க மருத்துவர், மிகுந்த அளவில் லிப்ரியம் உண்டவர்க்கு அதனைத் திடீரென நிறுத்தியபோது வலிப்பு முதலிய துன்பங்கள் தோன்றியதை எடுத்துரைத்தார். ஆயினும் அக்குரல் பலர் செவியில் ஏறவில்லை. நியூயார்க் நகரின் தொலைக்காட்சித் தயாரிப்பாளரான பார்பரா கார்டன் என்னும் பெண்மணி, ஆண்டுக் கணக்கில் உண்டுவந்த வேலியத்தை ஒரே நாளில் நிறுத்தி, மனநல மருத்துவமனையில் சேரும் நிலைக்கு ஆளானார். தம் கதையை அவர் 1979இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் எட்வர்டு கென்னடியின் தலைமையில் அமெரிக்க மேலவைக் குழு ஒன்று இம்மருந்துகளின் கேட்டைப் பற்றி விசாரணை நடத்தியது.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் என்னும் பெண் மருத்துவர், இம்மருந்தை விட விரும்புவோர்க்கென்றே 1982 முதல் 1994 வரை ஒரு சிகிச்சைப் பிரிவை நடத்தினார். ஏறத்தாழ 300 பேரை அவர் கண்டார். அவர் கண்ட உண்மை எளியது: விரைந்து நிறுத்தியவர் பெரிதும் துன்புற்றனர், தத்தம் உடல் தாங்கும் அளவில் மெல்லக் குறைத்தவருள் பெரும்பாலோர் மீண்டனர். 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும், இக்குடும்பத்து மருந்துகள் அனைத்தின் குறிப்பேட்டிலும் இந்த அபாயத்தைக் கட்டம் கட்டி அச்சிட வேண்டுமென ஆணையிட்டது.

உடல் பழகுவது எவ்வாறு?

நம் மூளையில் 'காபா' என்னும் இயற்கைப் பொருள் ஒன்று உண்டு. நரம்புகளின் விரைவை அடக்குவது அதன் தொழில். மலைப்பாதையில் இறங்கும் ஜீப்புக்குப் பிரேக்கு எப்படியோ, அப்படி மூளைக்குக் காபா. இம்மாத்திரை அந்தப் பிரேக்கின் பிடியை மேலும் இறுக்குகின்றது, அதனால் நெஞ்சின் படபடப்பு அடங்குகின்றது, உறக்கம் வருகின்றது. ஆனால் நாள்தோறும் மாத்திரையே இந்தப் பணியைச் செய்யுமானால், மூளை தன் சொந்தப் பிரேக்கைத் தளர்த்திவிடுகின்றது. அந்நிலையில் மாத்திரையைத் திடீரென எடுத்துவிட்டால், நடுச் சரிவில் பிரேக்கு இழந்த ஜீப்பின் கதிதான் நேரும்.

சில வாரங்கள் ஒழுங்காக உண்டாலே உடல் இவ்வாறு பழகக்கூடும். மருத்துவர் சொன்னபடி உண்டவர்க்கும் இது நேரும். ஆதலின் இதனைக் குடிப்பழக்கம் போன்ற ஒழுக்கக் கேடாகக் கருதி ஒருவரை இழித்துரைத்தல் அறியாமை. மில்லிகிராம் கணக்கைக் கண்டு ஏமாறுதலும் கூடாது. அல்பிரசோலம் அரை மில்லிகிராம், டயசிபம் 10 மில்லிகிராமுக்கு ஏறக்குறைய ஒப்பானது என்பது ஆஷ்டன் தந்த கணக்கு. 'அரைதானே, இன்றே விட்டுவிடலாம்' என்று எண்ணுவோர் இதனை நினைவில் கொள்க.

எல்லைப்புறத்தில் நேரும் இடர்

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். தாயார் பூப்பாறைக்கு அருகே ஏலத்தோட்டத்தில் வேலை செய்கின்றார். போடியில் ஒரு மருத்துவர் என்றோ எழுதித் தந்த அல்பிரசோலத்தை ஆறாண்டாக உண்டு வருகின்றார். ஆடி மாதப் பெருமழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபடுகின்றது. அட்டையும் தீர்ந்துபோகின்றது. அருகிலுள்ள மருந்துக்கடைக்காரர் சீட்டின்றித் தர மறுக்கின்றார். இரண்டாம் நாள் தாயாருக்கு உறக்கம் இல்லை, வியர்க்கின்றது, கை நடுங்குகின்றது, விளக்கின் ஒளியும் பாத்திரத்தின் ஓசையும் பொறுக்கவில்லை. 'அம்மாவுக்குப் பழைய நோய் திரும்பிவிட்டது' என்கின்றான் மகன். 'காற்றுக் கருப்பு அண்டியிருக்கும்' என்கின்றனர் அண்டை வீட்டார். இரண்டும் அன்று. மருந்து திடீரென நின்றதற்கு உடல் காட்டும் எதிர்ப்பே இது.

அல்பிரசோலம், லோரசிபம் போன்று விரைவில் உடலைவிட்டு நீங்கும் மருந்துகளில் இத்துன்பம் ஓரிரு நாளில் தோன்றும். டயசிபம் போன்று நெடுநேரம் தங்குவனவற்றில் சில நாள்கள் கழித்தோ ஒரு வாரம் கழித்தோ தோன்றலாம். தசைவலி, குமட்டல், உடலில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, நெஞ்சுப் படபடப்பு ஆகியன பொதுவானவை. மனக்குழப்பம், இல்லாததைக் காணுதல், வலிப்பு ஆகியன உயிருக்கே உலை வைப்பவை. இவற்றுள் ஒன்று கண்டாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. வெறும் மாத்திரை அட்டையையும் உடன் எடுத்துச் சென்று காட்டுக. வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் பயனில்லை. வாயில் எதனையும் திணியாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையில் அடிபடாமல் காப்பதே செய்யத்தக்கது.

இறங்கும் முறை

போடிமெட்டிலிருந்து கீழே இறங்குபவர் கொண்டையூசி வளைவு ஒவ்வொன்றிலும் வண்டியின் விரைவை அடக்கித் திருப்புகின்றார். மருந்திலிருந்து இறங்குவதும் அவ்வாறே. அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் பல கூடி 2025இல் வெளியிட்ட நெறிமுறை, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை குறைத்துத் தொடங்கலாம் என்று கூறுகின்றது. சான்றாக, நாள்தோறும் டயசிபம் 10 மில்லிகிராம் உண்பவர் முதலில் 9 மில்லிகிராமுக்கு இறங்கி, இரண்டு வாரமோ நான்கு வாரமோ அங்கேயே தங்கி, உடல் அமைந்த பின்னர் அடுத்த படிக்கு இறங்குவார். இறுதிப் படிகள் பலர்க்கும் கடினமானவை. அங்கே படியை இன்னும் சிறிதாக்க வேண்டியிருக்கும். இவ்வாறு முழுதும் விட ஓராண்டோ அதற்கு மேலோ ஆனாலும் அது தோல்வியன்று. பைய மென்றால் பனையையும் மெல்லலாம் என்பது நம் முன்னோர் வாக்கு.

இஃது ஓர் எடுத்துக்காட்டே ஒழிய, இதனைப் பார்த்து எவரும் தாமே குறைக்கத் தொடங்கலாகாது. விரைவில் நீங்கும் மருந்தை உண்பவர்க்கு, மருத்துவர் அதனை மாற்றி டயசிபம் கொடுத்துக் குறைப்பதும் உண்டு. மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரையை உடைத்து உண்ணல் கூடாது. கருவுற்ற தாய்மார், முதியோர், இதயமோ ஈரலோ நலிந்தோர் ஆகியோர்க்குத் தனிக் கவனம் வேண்டும். வலிப்பு நோய்க்காகவே குளோனசிபமோ குளோபசமோ உண்பவர்க்கு இக்கட்டுரை பொருந்தாது. அவர் தம் மருத்துவரைக் கேளாமல் ஒரு வேளையும் தவறவிடலாகாது.

துன்பத்தைத் தாங்கும் வழி

குறைக்கும் காலத்தில் துன்பம் அலை போல் வரும், போகும். நேற்று நன்றாயிருந்தவர் இன்று வாடுவார்; நாளை மீண்டும் தெளிவார். இதனை முன்னரே அறிந்திருப்பது பாதி அச்சத்தைப் போக்கும். ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் உண்ட அளவையும், உறங்கிய நேரத்தையும், கண்ட துன்பத்தையும் எழுதி வருக. மருத்துவர்க்கு அதனினும் நல்ல வழிகாட்டி இல்லை. துன்பம் மிகுந்தால் அந்தப் படியிலேயே சில வாரம் கூடுதலாகத் தங்கலாமா என மருத்துவரைக் கேட்க.

தேயிலையே நம் பிழைப்பு. எனினும் மாலைக்குப் பின் தேநீரையும் காப்பியையும் குறைத்தல் நன்று. அவற்றிலுள்ள காபின் உறக்கத்தைக் கெடுத்துப் படபடப்பை மிகுவிக்கும். உறக்கம் வரவில்லையென்று கள்ளையோ சாராயத்தையோ நாடுதல் கொள்ளியால் தலையைச் சொறிவதற்கு ஒப்பாகும். மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப் போகக்கூடும். நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல், பகலில் சிறிது நடத்தல், மூச்சை மெல்ல உள்ளிழுத்து அதனினும் மெல்ல வெளிவிடுதல், கவலையை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுதல் ஆகியன மருந்தின்றியே நரம்பைத் தணிப்பவை. மனநல ஆலோசகரிடம் எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் பயிற்சியைப் பெறுவதும் பெருந்துணை.

வீட்டாருக்கு ஒரு சொல். 'இன்னுமா அந்த மாத்திரை?' என்று இடித்துரைக்காதீர்கள். அட்டையை ஒளித்து வைக்காதீர்கள். அட்டை தீர்வதற்கு ஒரு வாரம் முன்னரே நினைவூட்டுங்கள். இரவில் உறங்காது அமர்ந்திருக்கும் அம்மாவின் அருகில் சிறிது நேரம் அமர்ந்திருங்கள். அதுவே ஒரு மருந்து.

எங்கே செல்வது?

2014 மார்ச்சு 1 முதல் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணையின்படி, அல்பிரசோலம், டயசிபம், நைட்ரசிபம், குளோர்டயசிபாக்சைடு முதலியவற்றை மருத்துவச் சீட்டின்றி விற்றல் குற்றம். கடைக்காரர் வாங்கியவர் விவரத்தைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும். ஆதலின், மறுக்கும் கடைக்காரரிடம் சினம் கொள்வது முறையன்று. ஊருக்குப் பயணம் போகும்போதும், மழைக்காலம் தொடங்கும் முன்னும், சீட்டையும் போதிய மருந்தையும் கையில் வைத்திருப்பதே அறிவுடைமை.

இடுக்கியிலும் பாலக்காட்டிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அரசு மருத்துவமனைகளில் குறித்த நாள்களில் நோயாளிகளைக் காண்கின்றனர். எந்நாள், எவ்விடம் என்பதை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம். எல்லைக்கு அப்பால் தேனியிலும் கோவையிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் உண்டு. எங்குச் சென்றாலும் ஒரே மருத்துவரிடம் தொடர்தல் நலம்; இருவர் இரு வேறு அளவு எழுதினால் குழப்பமே மிஞ்சும். 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' என்னும் அரசுத் தொலைபேசித் துணை, 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. தமிழிலேயே பேசலாம், மொழி தெரியாதே என்று அஞ்ச வேண்டுவதில்லை.

அன்பர்களே! இதனைப் படித்துவிட்டு, இன்றிரவே அட்டையைத் தூக்கி எறிய எவரேனும் எழுந்தால், நாம் எழுதியதன் பயன் கெட்டது. இன்றிரவு உண்ண வேண்டியதை வழக்கம்போல் உண்ணுங்கள். நாளைக் காலையில் பழைய சீட்டைத் தேடி எடுங்கள். அதனைக் கையில் கொண்டு மருத்துவரிடம் சென்று, 'ஐயா, இதனை மெல்ல விட விரும்புகின்றேன். வழி சொல்லுங்கள்' என்று கேளுங்கள். பதறிய காரியம் சிதறும். பதறாமல் இறங்குபவர் பத்திரமாக ஊர் சேர்வார்.