வேறொரு கணினியின் நிரல், நம் திரையில்

அலுவலகத்தில் வலுவான லினக்ஸ் கணினி ஒன்று இருக்கிறது. கையில் இருப்பது சாதாரண மடிக்கணினி. அங்கே உள்ள ஒரே ஒரு மென்பொருள்தான் நமக்குத் தேவை. அதற்காக அந்தக் கணினியின் முழுத் திரையையும் இங்கே இழுத்துவர வேண்டாம். அந்த ஒரு சாளரத்தை மட்டும் வரவழைக்கலாம்.

இந்த வசதி லினக்ஸைவிட மூத்தது. 1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் தொடங்கிய எக்ஸ் விண்டோ சிஸ்டம்தான் இதற்கு அடிப்படை. 1987இல் வந்த அதன் 11ஆம் பதிப்பு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நிரல் ஓரிடத்தில் ஓடலாம், அதன் சாளரம் வேறிடத்தில் தெரியலாம் என்று முதலிலேயே எண்ணி வடிவமைத்தார்கள். புதியவர்கள் குழம்புவது ஒரு இடத்தில்தான்: எக்ஸ் சர்வர் ஓடுவது தொலைவில் அல்ல, நம் மடிக்கணினியில். திரையும் விசைப்பலகையும் சுட்டியும் அதன் பொறுப்பு. அலுவலகக் கணினியில் ஓடும் நிரல் அதன் கிளையன்ட். 'இங்கே சாளரம் திற, இதை வரை' என்று அது கேட்கக் கேட்க, சர்வர் வரைந்து காட்டுகிறது.

இந்தப் பரிமாற்றத்தை இன்று, தொலைக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியே மறையாக்கம் செய்து அனுப்புகிறோம். வழக்கமான எஸ்எஸ்ஹெச் கட்டளையோடு ஒரு கோடும் பெரிய 'எக்ஸ்' எழுத்தும் சேர்த்தால் போதும். உள்ளே நுழைந்து நிரலின் பெயரைத் தட்டினால் சாளரம் நம் திரையில் திறக்கும். திறக்கவில்லை என்றால் இரண்டைப் பாருங்கள்: தொலைக் கணினியில் எக்ஸ்ஆத் என்ற சிறு நிரல் இருக்கிறதா, அங்குள்ள எஸ்எஸ்ஹெச் அமைப்புக் கோப்பில் எக்ஸ்11 ஃபார்வர்டிங் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா. டிஸ்ப்ளே என்ற சூழல் மாறியைக் கையால் மாற்றாதீர்கள். எஸ்எஸ்ஹெச்சே அதைச் சரியாக அமைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. எக்ஸ் சர்வரோடு முழு உரிமையுடன் இணைந்த நிரல், மற்ற சாளரங்களில் நீங்கள் தட்டும் கடவுச்சொல்லைக்கூட ஒட்டுக்கேட்க முடியும். டெபியன், உபுண்டு இரண்டிலும் இயல்பு அமைப்பே இந்த முழு உரிமையைத் தந்துவிடுகிறது. ஆகவே நம்பிக்கையான கணினிகளோடு மட்டும் இதைச் செய்யுங்கள்.

இன்றைய டெஸ்க்டாப்கள் பல எக்ஸுக்கு மாற்றான வேலண்டுக்கு மாறிவிட்டன. அதனால் இந்த வழி அடைபடவில்லை. எக்ஸ்வேலண்ட் என்ற இடைநிரல் பழைய நிரல்களுக்குக் கைகொடுக்கிறது. வேலண்டுக்கென்றே எழுதிய நிரல்களுக்கு, இரு கணினிகளிலும் வேபைப் என்ற நிரலை நிறுவிக்கொள்ள வேண்டும்.

உள்ளூர் வலையமைப்பில் இதெல்லாம் நன்றாகவே ஓடும். இணையம் வழியே போனால் தடுமாறும். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். போதாததற்கு, இன்றைய நிரல்கள் கோடு கோடாக வரையச் சொல்லாமல் படமாகவே அனுப்புகின்றன. அதைவிடப் பெரிய குறை, இணைப்பு அறுந்தால் நிரலும் மூடிக்கொள்ளும், சேமிக்காத வேலை போய்விடும். எக்ஸ்ப்ரா என்ற மென்பொருள் இதைத் தீர்க்கிறது. நிரல் தொலைக் கணினியிலேயே தொடர்ந்து ஓடும். வேண்டும்போது மீண்டும் இணைந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மணிக்கணக்கில் ஓட வேண்டிய வேலை என்றால் முதலிலேயே எக்ஸ்ப்ராவில் தொடங்கிவிடுங்கள். சாதாரண எஸ்எஸ்ஹெச் வழியே திறந்த நிரலைப் பாதியில் அதற்குள் மாற்ற முடியாது.