சிந்து நதி: யதார்த்தவாதமும் தாராளவாதமும்

'யதார்த்தவாதம்' என்றதும் நமக்கு நாவல்தான் ஞாபகத்துக்கு வரும். பன்னாட்டு உறவுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இதே சொல்லை வேறு பொருளில் கையாளுகிறார்கள். உலகத்தை உள்ளது உள்ளபடி பார்க்கிறோம் என்று உரிமை கொண்டாடுவதில் மட்டும் இரண்டுக்கும் ஒற்றுமை உண்டு. 'உள்ளது' எது என்று தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வியையும் இரண்டிடமும் கேட்கலாம். போர் மூளும்போதெல்லாம் 'தேச நலன்', 'பரஸ்பர நம்பிக்கை' என்ற சொற்கள் சர்வசாதாரணமாகப் புழங்குகின்றன. இவற்றுக்குப் பின்னாலிருக்கும் இரண்டு கோட்பாடுகளை ஒரு நதி ஒப்பந்தத்தை முன்வைத்து இங்கே பார்க்கலாம்.

1

யதார்த்தவாதிகள் தங்கள் மூதாதையரை துசிடிடீஸிலும் ஹாப்ஸிலும் தேடுகிறார்கள். ஹான்ஸ் மார்கெந்தோ 1948இல் அதற்கு நவீன வடிவம் கொடுத்தார். அதிகார வேட்கை மனித இயல்பிலேயே இருக்கிறது என்பது அவர் வாதம். 1979இல் கென்னத் வால்ட்ஸ் மனித இயல்பை ஒதுக்கிவிட்டு அமைப்பைக் காரணம் காட்டினார். அரசுகளுக்கு மேல் இன்னொரு அரசு கிடையாது. தெருவில் சண்டை வந்தால் போலீசைக் கூப்பிடலாம் (போலீஸ் யார் பக்கம் என்பது வேறு கதை). அரசுகளுக்குள் சண்டை வந்தால் கூப்பிட ஆளில்லை. ஆகவே ஒவ்வொரு அரசும் தன் பாதுகாப்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். கூட்டுறவில் இருவருக்கும் லாபம் என்றாலும், 'எனக்கு எவ்வளவு?' என்பதோடு கேள்வி முடிவதில்லை. 'அவனுக்கு என்னைவிட அதிகமா?' என்பதும் சேர்ந்து வருகிறது. இன்று அவன் பெறும் லாபம் நாளை என்மீது ஆயுதமாகத் திரும்பலாம்.

தாராளவாதம் என்றவுடன் 1991க்குப் பின் நாம் கேட்டுச் சலித்த 'தாராளமயம்' நினைவுக்கு வரலாம். இரண்டும் உறவுக்காரர்கள்தான், ஆனால் ஒன்றல்ல. நிரந்தர சமாதானம் பற்றி 1795இல் எழுதிய இம்மானுவேல் கான்ட், குடியரசுகள் பெருகினால், அவை தமக்குள் ஒரு கூட்டமைப்பை ஏற்றால், போர் அருகும் என்றார். 1984இல் ராபர்ட் கியோஹேன் இன்னும் அடக்கமாகப் பேசினார். அரசுகள் சுயநலமிகள் என்பதை அவர் மறுக்கவில்லை. சுயநலமிகளும் ஒத்துழைக்கலாம், அதற்கு நிறுவனங்கள் வேண்டும் என்றார். திரும்பத் திரும்பச் சந்திப்பது, தகவல் பரிமாறுவது, மீறினால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது ஆகியவை சந்தேகத்தைக் குறைக்கும் என்பது அவர் கட்சி.

2

இனி சிந்து. 1947இல் பஞ்சாபைப் பிரித்த கோடு பாசன அமைப்பையும் வெட்டியது. தலைமதகுகள் இந்தியாவிலும் கால்வாய்கள் பாகிஸ்தானிலும் அகப்பட்டுக்கொண்டன. தற்காலிக ஏற்பாடு முடிந்த மறுநாளே, 1948 ஏப்ரல் 1 அன்று, கிழக்கு பஞ்சாப் தண்ணீரை நிறுத்தியது. மே மாதம் பேச்சு நடந்து மறுபடி திறந்தார்கள். மேட்டில் இருப்பவன் கை ஓங்கும் என்ற பாடம் பாகிஸ்தானின் நினைவில் தங்கிவிட்டது.

பிறகு உலக வங்கி நடுவே வந்தது. கராச்சியில் 1960 செப்டம்பர் 19 அன்று நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்டார்கள். ராவி, பியாஸ், சட்லஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், சீனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. பாகிஸ்தானின் மாற்றுக் கால்வாய்களுக்காக இந்தியா சுமார் 6 கோடியே 20 லட்சம் பவுண்டைப் பத்துத் தவணைகளில் தர ஒப்புக்கொண்டது. இரு நாட்டு ஆணையர்களைக் கொண்ட நிரந்தர ஆணையம் ஒன்றும் உருவானது.

1965இலும் 1971இலும் போர் வந்தது. 1999இல் கார்கில். ஒப்பந்தம் நின்றது. 1965 போரின்போதுகூட இந்தியா தவணையைக் கட்டியது. பக்லிஹார் அணைத் தகராறில் 2007இல் நடுநிலை வல்லுநர் தீர்ப்புச் சொன்னார். கிஷன்கங்கா வழக்கு 2013இல் நடுவர் மன்றத்தில் முடிந்தது. தாராளவாதிகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

யதார்த்தவாதி சிரிப்பார். 'இது கூட்டுறவா? பாகப்பிரிவினை அல்லவா?' என்பார். அவர் சொல்வதில் நியாயமுண்டு. வடிநிலம் முழுவதையும் சேர்ந்து நிர்வகிக்கலாம் என்ற யோசனை 1951இல் அமெரிக்கரான டேவிட் லிலியந்தாலிடமிருந்து வந்தது. அது கைவிடப்பட்டு ஆறுகளையே ஆளுக்கு மூன்றாகப் பிரித்தார்கள். ஒருவரையொருவர் நம்பாதவர்கள் செய்யக்கூடிய ஏற்பாடு இது. பஹல்காம் படுகொலைக்கு மறுநாள், 2025 ஏப்ரல் 23 அன்று, ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக இந்தியா அறிவித்தபோது யதார்த்தவாதி சொன்னது பலித்ததுபோல் இருந்தது. தண்ணீரைத் திருப்பினால் அது போர்ச் செயல் என்றது பாகிஸ்தான்.

இருந்தாலும் கதை அவ்வளவு சுலபமில்லை. மேற்கு நதிகளில் 36 லட்சம் ஏக்கர் அடிவரை தேக்கிவைக்க ஒப்பந்தமே இந்தியாவை அனுமதித்திருந்தது. அந்த அளவுக்குக்கூடத் தேக்கம் கட்டப்படவில்லை. அறிவிப்பால் ஒரு பெருநதியை நிறுத்திவிட முடியாது. உடனே நிறுத்த முடிந்தது தகவலைத்தான். 2025 ஆகஸ்டில் தாவி நதியில் வெள்ளம் வந்தபோது இந்தியா எச்சரிக்கையை அனுப்பவே செய்தது. ஆணையம் வழியாக அல்ல, தூதரகம் வழியாக. பூட்டிய கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு ஜன்னலைத் திறக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு இரண்டு பஞ்சாபும் மூழ்கின. வெள்ளத்துக்கு ஒப்பீட்டு லாபக் கணக்கு தெரியாது.

3

சுருக்கமாகச் சொன்னால், ஒப்பந்தம் ஏன் இந்த வடிவில் வந்தது என்பதை யதார்த்தவாதம் விளக்குகிறது. வந்தபின் ஏன் அறுபது வருஷத்துக்கு மேல் தாங்கியது என்பதைத் தாராளவாதம் விளக்குகிறது. இரண்டுக்கும் பொதுவான ஒரு குருட்டுப் புள்ளியும் இருக்கிறது. 'இந்தியா நினைத்தது', 'பாகிஸ்தான் பயந்தது' என்று இரண்டுமே அரசை ஓர் ஆளாகப் பாவித்துப் பேசுகின்றன. அந்த ஆளுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதில்லை.

சிந்து திட்டத்தின் பகுதியாக ஜீலத்தில் எழுந்த மங்களா அணை 1967இல் முடிந்தது. பழைய மீர்பூர் நகரம் நீருக்குள் போயிற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தார்கள். பலர் பிரிட்டனின் ஆலைகளுக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இந்தியப் பக்கத்து காஷ்மீரில், எங்கள் ஆறுகளில் எங்களுக்கே கை கட்டப்பட்டிருக்கிறது என்ற குறை நெடுங்காலமாக இருக்கிறது. அவர்களைக் கேட்டு யாரும் கையெழுத்துப் போடவில்லை. லாகூரை ஒட்டி ஓடும் ராவி ஆண்டின் பெரும்பகுதி சாக்கடைதான். ஆறு உயிரோடிருக்க எவ்வளவு நீர் வேண்டும் என்று ஒப்பந்தம் யோசிக்கவில்லை. சமாதானத்தின் சாதனையாகத் தாராளவாதி காட்டுவதும், அதிகாரச் சமநிலையாக யதார்த்தவாதி காட்டுவதும் இவர்கள் கணக்கில் நஷ்டம்தான்.

இதை வைத்து, இரண்டுமே ஆளும் வர்க்கச் சரக்கு, தூக்கிப் போடுங்கள் என்று நம் நண்பர்கள் சிலர் சொல்லக்கூடும். அது சரியல்ல. இரண்டு ஆணையர்கள் உட்கார்ந்து நீர்மட்டம் பற்றிய எண்களைப் பரிமாறிக்கொள்வது புரட்சிகரமான காரியமல்ல. ஆனால் அந்த எண் போய்ச் சேராவிட்டால் முதலில் சாகிறவர் கரையோரத்து விவசாயி. அதிகாரம் எங்கே குவிந்திருக்கிறது என்று காட்டுவதால் யதார்த்தவாதம் நமக்குப் பயன்படும். அதைக் கட்டிப்போட எந்தச் சின்னக் கயிறு உதவும் என்று காட்டுவதால் தாராளவாதமும் பயன்படும். இரண்டும் 'தேச நலன்' என்று வந்து நிற்கிற இடத்தில் நாம் நிற்க வேண்டியதில்லை. யாருடைய நலன், பேச்சு நடந்த அறையில் யார் இல்லை என்ற கேள்விகளை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.