பிலிம் அல்ல, அளவுதான் அபூர்வம்

ஒரு தே தாரிக் சொல்லிவிட்டு உட்காருங்கள். இது நிதானமாகப் பேச வேண்டிய சங்கதி.

மலேசியாவின் கூலாயில் ஒருவருக்குப் பழைய மரக் கேமரா ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று கால், மடிப்பு மடிப்பான துருத்தி, தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பின்பக்கக் கண்ணாடியில் உருவம் பார்க்கிற ரகம். லென்ஸில் பூஞ்சை இல்லை, துருத்தியில் ஓட்டை இல்லை. ஆனால் அது கேட்பது ஆறரைக்கு எட்டரை அங்குல பிலிம். ஊரில் கேட்டால் முழிக்கிறார்கள். பாலம் தாண்டி சிங்கப்பூரில் விசாரித்தால், நாலுக்கு ஐந்தும் எட்டுக்குப் பத்தும் கிடைக்கலாம், இந்த அளவு இல்லை என்கிறார்கள். "அந்த பிலிம் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்களாம்" என்று அவர் கேமராவைக் கூடத்தில் அலங்காரமாக வைத்துவிடுகிறார்.

இந்த அளவு எங்கிருந்து வந்தது? 1839இல் பாரிஸில் தகேர் என்பவர் தம் படமெடுக்கும் முறையை அறிவித்தபோது பயன்படுத்திய வெள்ளி பூசிய செப்புத் தகட்டின் அளவு ஏறக்குறைய இதுதான். ஹோல் பிளேட் என்றார்கள். அதில் ஏறக்குறைய பாதி ஹாஃப் பிளேட், கால் பங்கு குவார்ட்டர் பிளேட். பின்னால் கண்ணாடித் தகடு வந்தது, அதன் பின் பிலிம் வந்தது. அளவுகள் மட்டும் அப்படியே தங்கிவிட்டன. இந்தியாவிலும் மலாயாவிலும் ஸ்டூடியோ வைத்திருந்தவர்களுக்கு இவை பழகிப்போன பெயர்கள்.

இப்போது எல்லோரும் தடுக்கி விழுகிற இடத்துக்கு வருவோம். பிலிமை அந்தந்த அளவில் தனித்தனியாகச் செய்கிறார்கள், ஓர் அளவு கடையில் இல்லையென்றால் அந்த பிலிமே அழிந்துவிட்டது என்று நினைக்கிறோம். அப்படியில்லை. பிலிம் என்பது பிளாஸ்டிக் தாளின்மேல், வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டினைப் பூசிக் காயவைத்தது. இந்தப் பூச்சுக்கு எமல்ஷன் என்று பெயர். பெரிய தொழிற்சாலைகளில் இதை ஒரு மீட்டருக்கும் மேல் அகலமுள்ள நீண்ட சுருளாகப் பூசுவார்கள். வெட்டுவது பிறகுதான். மைசூர்பாகை முதலில் தட்டு நிறையக் கொட்டிவிட்டு, அப்புறம்தானே துண்டு போடுகிறோம்? அதே கதை. உங்களுக்கு வேண்டிய துண்டு கடையில் இல்லாமலிருக்கலாம், தட்டில் பாகு இருக்கிறது.

இப்படிப் பூசும் தொழிற்சாலைக்கு நம் பக்கத்து உதாரணமே உண்டு. 1960இல் இந்திய அரசு ஊட்டியில் தொழிற்சாலை வைக்க இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. தூசி குறைந்த குளிர்ந்த மலைக்காற்று பூச்சு வேலைக்குத் தோதானது. 'இந்து' என்ற பெயரில் வந்த கறுப்பு வெள்ளை ரோல் பிலிமும் மருத்துவமனைகளுக்குப் போன எக்ஸ்ரே பிலிமும் அங்கே தயாரானவைதான். அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை.

வெட்டுவதுதான் பாக்கி என்றால் ஏன் வெட்டித் தருவதில்லை? புது அளவுக்குக் கத்திகளை மாற்றி அமைக்க வேண்டும், அந்த அளவில் பெட்டி செய்ய வேண்டும், எல்லாவற்றையும் இருட்டில் செய்ய வேண்டும். பத்துப் பேருக்காக இதைச் செய்தால் கட்டுப்படியாகாது. அதனால் தீபாவளிப் பலகாரம்போல முன்கூட்டியே ஆர்டர் கேட்கிறார்கள். இங்கிலாந்தின் மாபர்லியில் இல்ஃபோர்ட் பிலிம் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனம், ஆண்டுக்கு ஒருமுறை, சில வாரங்களுக்கு மட்டும், அபூர்வ அளவுகளுக்கு ஆர்டர் வாங்குகிறது. விற்பனையாளர் வழியாகச் சொல்லி வைத்தால் சில மாதம் கழித்து ஹோல் பிளேட் வந்து சேரும். கோடாக் பிலிம் வேண்டுமென்றால் குறைந்தபட்ச அளவுக்குப் பலர் சேர்ந்து கேட்க வேண்டும்.

காத்திருக்க மனமில்லையா? எட்டுக்குப் பத்து வாங்கி நாமே வெட்டலாம். ஒரு தாளில் ஒரு ஹோல் பிளேட் தேறும். ஹாஃப் பிளேட், அதாவது நாலேமுக்காலுக்கு ஆறரை, என்றால் இரண்டு தேறும். சாதாரணக் கறுப்பு வெள்ளை பிலிம் எல்லா நிறத்தையும் உணரும், ஆகவே சிவப்பு விளக்குகூடக் கூடாது. முழு இருட்டில், தாள் வெட்டும் டிரிம்மரில் ஓர் அட்டையைத் தடுப்பாக ஒட்டிவைத்து, தடவிப் பார்த்தே வெட்ட வேண்டும். எமல்ஷன் எந்தப் பக்கம் என்று காட்ட மூலையில் சிறு வெட்டுக்குறி இருக்கும். நிமிர்த்திப் பிடித்து அந்தக் குறி வலது மேல் மூலையில் இருந்தால் எமல்ஷன் நம்மைப் பார்க்கிறது. வெட்டும்போது அந்தக் குறி போய்விடலாம், வேறொரு மூலையைக் கத்தரித்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவில் ஒரு நுட்பம். பெட்டியில் எழுதியிருக்கும் அளவைவிட உள்ளே இருக்கும் பிலிம் ஓரிரு மில்லிமீட்டர் சிறியது. அப்போதுதான் ஹோல்டரில் நுழையும். ஹோல்டர் என்பது பிலிமை வெளிச்சம் படாமல் கேமராவுக்குள் செருகும் சட்டம். ஐந்துக்கு ஏழு அங்குலமும் 13க்கு 18 சென்டிமீட்டரும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஐந்து அங்குலம் 12.7 சென்டிமீட்டர்தான். அந்த மூன்று மில்லிமீட்டர் போதும், 13க்கு 18 பிலிம் ஐந்துக்கு ஏழு ஹோல்டருக்குள் போகாது. பழைய ஹோல்டர் கண்ணாடித் தகட்டுக்கானது என்றால் பிலிம் அதில் தொளதொளக்கும். அதற்கென்று மெல்லிய உலோக உறைகள் உண்டு.

மலிவாகப் பழக எக்ஸ்ரே பிலிம் இருக்கிறது. எட்டுக்குப் பத்து முதல் பதினான்குக்குப் பதினேழு அங்குலம் வரை வருகிறது. சிவப்பு ஒளியை உணராததால் சிவப்பு விளக்கிலேயே வெட்டலாம், கழுவலாம். பெரும்பாலும் இருபக்கமும் பூச்சு உண்டு, எளிதில் கீறல் விழும். சிவப்பை உணராததால் உதடும் நம் மாநிறத் தோலும் நேரில் பார்ப்பதைவிடக் கறுத்து விழும். உருவப்படம் எடுப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கூலாய் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பிலிமைக் குளிர்பெட்டியில் வைப்பதே நல்லது. வெளியே எடுத்ததும் பெட்டியைப் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரச் சில மணி நேரம் விடாவிட்டால் பிலிம்மேல் நீர் கோத்துக்கொள்ளும். வியர்த்த விரல் ரேகை பதியாமலிருக்கப் பருத்திக் கையுறை போடுங்கள். நம் ஈரக்காற்றால் ஒரு லாபமும் உண்டு: வறண்ட நாடுகளில் பிலிமை உரசினால் மின்பொறி கிளம்பிக் கீற்று விழும், இங்கே அந்தத் தொல்லை குறைவு.

ஆகவே பழைய கேமரா வாங்கப் போகிறவர்கள் பிலிம் கிடைக்குமா என்று முதலில் கவலைப்பட வேண்டாம். ஹோல்டர் கூட வருகிறதா, எத்தனை வருகிறது என்று கேளுங்கள், அளவுகோல் வைத்து உட்பக்கத்தை அளந்து பாருங்கள். பிலிமை வெட்டிக்கொள்ளலாம். தொலைந்த ஹோல்டருக்கு, வெளிச்சம் கசியாமல் மரவேலை செய்யத் தெரிந்த தச்சரைத்தான் தேட வேண்டும்.