காந்த நாடாவின் நம்பகம்

பாடசாலைச் சேர்விடாப்பில் ஒரு பக்கம் செல்லரித்துப் போனால், ஒரு மாணவனின் பிறந்த திகதிக்குச் சான்று இல்லாமற் போகும். ஆகவேதான் முக்கியமான பதிவேடு எதற்கும் இரண்டாவது பிரதி வேண்டும் என்கிறோம். இன்று பதிவேடுகள் பல கணினிக்குள் புகுந்துவிட்டன. 1952 இல் ஐ.பி.எம். கம்பனி தனது முதல் நாடா இயந்திரத்தை அறிமுகஞ் செய்த காலந்தொட்டு, கணினித் தரவுகளின் பிரதியைச் சுமந்துவருவனவற்றுட் காந்த நாடாவும் ஒன்று. அந்நாடாவை எவ்வளவு நம்பலாம்? நாடாவை இயந்திரம் நடத்தும் விதத்தைப் பொறுத்தது அது.

நடத்தும் விதம் இருவகைப்படும். முதலாவது, சாய்ந்த உருளையொன்று வேகமாகச் சுழன்று, தன்னைச் சுற்றிச் செல்லும் நாடாவிற் குறுக்குச் சாய்வாக எழுதுவது. 1987 இல் வந்த எக்சாபைட் இயந்திரமும், 1989 இல் சோனியும் கியூலெட் பக்காட்டும் வெளியிட்ட டி.டி.எஸ். இயந்திரமும் இவ்வகையின. சிறிய பேழையில் மிகுந்த தரவு அடங்கும் என்பது இதன் நன்மை. ஆயின், உருளையின் அமைவு சற்றே பிசகினாலும், ஓர் இயந்திரத்தில் எழுதியதை மற்றொன்று படிக்க மாட்டாது. ஒரு வீட்டிற் பதிந்த ஒளிநாடா மறுவீட்டிற் கோடு கோடாக ஓடியதை நேயர்களுட் பலர் கண்டிருப்பர். அதுவும் இம்முறையே.

இரண்டாவது வகையில், நாடா எழுதுதலையின் முன் நேராக ஓடுகிறது. டி.எல்.டி. இயந்திரமும், 2000 ஆம் ஆண்டில் ஐ.பி.எம்., கியூலெட் பக்காட், சீகேற் ஆகிய மூன்று கம்பனிகள் கூடி அளித்த எல்.டி.ஓ. இயந்திரமும் இத்தகையன. எல்.டி.ஓ. நாடாவில் வழிகாட்டும் தடங்களைத் தொழிற்சாலையிலேயே எழுதிவிடுகின்றனர். எழுதுதலை அத்தடங்களைப் பற்றிச் செல்வதால், ஓரிடத்தில் எழுதியதைப் பிறிதோரிடத்திலும் படித்தல் எளிது. நம்பகத்தில் இவ்வகையே மேலானது.

நாடாவின் தனிச்சிறப்பு, அது கணினியினின்றும் விலகி இருப்பது. 2011 பெப்ரவரியில் மென்பொருட் பிழையொன்றினாற் கூகிளின் மின்னஞ்சல்கள் சில அழிந்தன. வேறு நிலையங்களில் இருந்த பிரதிகளையும் அப்பிழை தொட்டது. நாடாக்களை மட்டும் அது தொடவில்லை. அவற்றிலிருந்தே கடிதங்கள் மீண்டன.

எனினும், நல்ல நாடாவையும் வெப்பமும் ஈரப்பதமும் கெடுக்கும். குளிர்ந்து உலர்ந்த அறை அதற்கு இன்றியமையாதது. காலமும் ஒரு பகை: 2017 இல் வந்த எட்டாந் தலைமுறை எல்.டி.ஓ. இயந்திரம், தனக்கு முந்திய ஒரு தலைமுறை நாடாவை மட்டுமே படிக்கும். ஆகவே பழைய நாடாக்களைப் புதியனவற்றுக்குக் காலத்தோடு பெயர்த்தெழுதல் வேண்டும்.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. எழுதி அலுமாரியில் வைத்த நாடாவை, எழுதிய இயந்திரத்திலன்றி வேறோர் இயந்திரத்தில் இட்டு, இடையிடையே படித்துப் பார்த்தல் வேண்டும். அப்படிப் படித்துப் பாராத நாடா, பிரதி உண்டென்ற எண்ணத்தைத் தருமேயன்றிப் பிரதியாகாது. மாணவன் சான்றிதழ் கேட்டு வாசலில் நிற்கும் நாளில் அவனுக்கு உதவுவது, முன்னரே படித்துப் பார்த்த நாடாவே.