சேம அச்சும் புதுச் சாரதியும்

சாரதி என்னும் சொல் வடசொல்லேயாயினும் நம் நாட்டில் நன்கு வேரூன்றிவிட்டது. பார்த்தனுக்குத் தேர் செலுத்திய கண்ணபிரானுக்கும், சுன்னாகச் சந்தையில் வெங்காய மூடை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் புறப்படுகின்ற லொறிக்காரருக்கும் அஃது ஒன்றே பெயர். சங்கச் சான்றோர் வலவன் என்றும் பாகன் என்றும் வழங்கினர். இத்துணைப் பழைமையும் பெருமையும் வாய்ந்த தொழிலை நாம் பள்ளிக்கூடங்களில் எவ்வாறு ஆள்கின்றோம்? “படியாவிட்டால் லொறி ஓடத்தான் போவாய்” என்று மாணவனை வைவதற்கே ஆள்கின்றோம். வையப்பட்டவருள் சிலர் மெய்யாகவே லொறி ஓடத்தான் போகின்றனர். அவர் ஓடிக் கொண்டுவரும் அரிசியும் மாவும் இல்லையேல், வைத வாத்தியார் வீட்டில் உலை ஏறாது. ஆதலின், அத்தொழிலிற் புகும் இளைஞர் முதலாண்டில் அறியவேண்டியவை யாவை என எண்ணிப் பார்த்தல் ஆசிரியருக்கும் உரிய கடனேயாம். (சுமையுந்து என ஒரு புதுச்சொல் உண்டு. நல்ல சொல்தான். எனினும், ஓட்டுபவர் வாயில் லொறி என்பதே வழங்குதலின் யானும் அதனையே கொள்கின்றேன்.)

பண்டைத் தமிழகத்தின் லொறிக்காரர் உமணர் ஆவர். நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி, நிரை நிரையாக உள்நாட்டுக்குச் சென்றவர். அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய புறநானூற்று 102 ஆம் பாட்டில் இவர்தம் வழக்கம் ஒன்று உவமையாக வருகின்றது. எருதுகளோ நுகம் பழகாத இளையவை. வண்டியிலோ பாரம் பெரிது. வழி எங்கே பள்ளத்தில் இறங்கும், எங்கே மேட்டில் ஏறும் என்பதை முன்னறிந்தவர் எவருமிலர். ஆதலின் உமணர், வண்டியின் அச்சுக்குக் கீழே இன்னோர் அச்சையும் கட்டிச் சென்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். பாட்டின் நோக்கம் அரசன் மகனைப் புகழ்தலே. ஆயினும், தொழிலறிவு என்ற கண்கொண்டு நோக்கின், பழகாமை, பெரும்பாரம், அறியாத வழி என்னும் மூன்றும் ஒருங்கு சேர்வதே புதுச் சாரதியின் முதலாண்டு எனக் காண்போம்.

முதலில் சேம அச்சையே எடுத்துக்கொள்வோம். இன்று அது மாற்றுச் சில்லு. அது இல்லாத லொறி அரிது. அதில் காற்று இல்லாத லொறியோ அரிதன்று. வேண்டியபொழுது கழற்றிப் பார்த்தால் அதுவும் படுத்துக் கிடக்கும். ஆகையால், காலையில் லொறியைச் சுற்றிவந்து ஓடும் சில்லுகளைப் பார்க்கின்றவர் ஓடாத சில்லையும் பார்த்தல் வேண்டும். பின்பக்கத்து இரட்டைச் சில்லுகளில் உட்சில்லு காற்றிழந்திருப்பின் வெளியிலிருந்து தெரியாது. தட்டிப் பார்த்து ஒலியால் அறிதல் வேண்டும். இரண்டுக்கும் இடையிற் செருகிய கல்லை அகற்றாவிடின் ரயர் கிழியும். காற்றுப் பிறேக்குள்ள லொறியாயின், காற்றுத் தாங்கியில் தேங்கும் நீரை வடித்துவிட்டு, முள் உரிய அளவுக்கு ஏறும்வரை புறப்படாது பொறுத்திருத்தல் வேண்டும். இவ்வளவுக்கும் கால் மணிநேரம் செல்லும். அக்கால் மணிநேரத்தை வீணென்று கருதும் முதலாளியிடம் முதலாண்டைக் கழிப்பது நன்றன்று. கூலி சற்றுக் குறைந்தாலும், வண்டியைப் பேணுகின்ற முதலாளியையே தேர்தல் வேண்டும்.

பாரத்தைப்பற்றி வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்திற் கூறியிருப்பதை மாணவர் யாவரும் மனனஞ் செய்துள்ளனர். மயிலிறகே ஆயினும் மிகையாக ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துபோம் என்பது கருத்து. உரை கூறும் நாம் அதனை அரசியலுக்கே உரித்தாக்கிவிடுகின்றோம். வண்டிக்காரனுக்கு அது நேர்ப்பொருளிலேயே உண்மை. “இன்னும் பத்து மூடைதானே, தம்பி” என்று முதலாளி சொல்லுங்கால் மறுத்துரைக்கப் புதியவருக்கு நா எழாது. ஏற்றி முடிந்தபின் மறுத்தல் பகையாகும். ஏற்றத் தொடங்குமுன் “இவ்வளவுதான் வண்டி தாங்கும், ஐயா” என்று பணிவாய்ச் சொல்லிவிடின் அது தொழிற்பேச்சாகவே முடியும். வழக்கு எழுதப்படும்போது பொலிசார் கேட்பது சாரதியின் அனுமதிப்பத்திரத்தையே என்பதையும் அவர் நினைவிற் கொள்க.

பாரத்தின் அளவு மட்டுமன்றி, அஃது இருக்கும் இடமும் நோக்கத்தக்கது. கனத்த பொருள் கீழே, இலேசானது மேலே. பின்பக்கத்தில் மிகக் குவித்தால் முன்சில்லுகள் இலேசாகி, வளைவில் லொறி சொற்கேளாது. கயிறு இறுக்கிக் கட்டியது போதும் என்று இருத்தலும் தவறு. முதற் சில மைல்கள் ஓடியவுடன் மூடைகள் தணிந்து அமர, கயிறு தளரும்; நிறுத்தி மீண்டும் இறுக்குதல் வேண்டும். வெங்காயமாயின் படங்கை நாற்புறமும் மூடிவிடாமல் காற்றோட்டத்துக்கு வழி விடவேண்டும். இன்றேல் சந்தையில் இறக்கும்போது மணமே விலையைச் சொல்லிவிடும்.

இனி, ஏற்ற இறக்கம். யாழ்ப்பாணத்து இளைஞருக்கு மலை தெரியாது. அவர் கண்டதெல்லாம் சமதரை. நுவரெலியாவில் மரக்கறி ஏற்றி இறம்பொடைவழி இறங்கும்போதோ, கண்டியிலிருந்து கடுகண்ணாவைச் சரிவில் இறங்கும்போதோதான் முதன்முதல் அவர் கல்வி சோதிக்கப்படும். இறங்கும் லொறியின் வேகத்தைப் பிறேக்கானது வெப்பமாக மாற்றியே தடுக்கின்றது. இடைவிடாது மிதித்துக்கொண்டே இறங்கின் வெப்பம் ஆறுதற்கு இடமின்றி மேன்மேலும் ஏறிப் பிறேக்கின் பிடி தளர்ந்துபோம். கருகல் நாற்றம் வருவது அதன் முன்னறிவிப்பு. அதன்பின் எவ்வளவு மிதித்தாலும் பயன் குறைவு. எனவே இறக்கத்தில் லொறியைத் தாங்கவேண்டியது எஞ்சினேயன்றிப் பிறேக்கு அன்று. எந்தக் கியரில் அந்த மலையில் ஏறவேண்டுமோ அந்தக் கியரிலோ, அதனினும் ஒன்று குறைந்ததிலோ இறங்குக. அதனையும் சரிவு தொடங்குமுன்னரே போட்டுவிடுக. வேகம் பிடித்தபின் கியர் விழ மறுக்கும். டீசல் மிச்சம் என்று கருதிக் கியரை விடுத்து உருளவிடுவாரும் உளர். இக்கால எஞ்சின்களிற் பெரும்பாலானவை, கியரில் இருக்க மிதிகட்டையிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது எரிபொருளைத் தாமே நிறுத்திவிடுவன. ஆதலின் அச்செயலில் மிச்சமும் இல்லை, உயிருக்குக் காவலும் இல்லை.

சமதரையிலோ வேறொரு பகை உண்டு. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரையுள்ள ஏ-9 வீதி 321 கிலோமீற்றர் நீளமுடையது. 1990 இலிருந்து மூடப்பட்டிருந்து, 2002 இல் திறந்து, 2006 ஆகஸ்டில் மீண்டும் அடைபட்டு, போர் முடிந்த 2009 இன் பின்னரே வழி விட்டது. இதனால் நேர்ந்த இழப்புகளுள் ஒன்று பலரும் எண்ணாதது: பழைய சாரதியின் அருகிலிருந்து இளையவர் அவ்வழியைக் கற்கும் மரபு அறுந்துபோயிற்று. வவுனியாவுக்கு வடக்கே நேராகவும் மட்டமாகவும் கிடக்கும் அவ்வீதி நள்ளிரவுக்குப்பின் தாலாட்டுப் பாடும் தாய் போன்றது. 2020 இல் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்குப் பெயர்ந்த மனிங் சந்தையை விடியுமுன் அடையவேண்டும் என்னும் அவசரமும் சேர, சாரதி தூக்கத்தோடு மல்லுக்கு நிற்கிறார்.

இதிற் பலர் வெற்றிலையையும் பாட்டையும் திறந்த கண்ணாடியையும் நம்புகின்றனர். அவை தூக்கத்தைத் தீர்ப்பதில்லை. தூங்குகிறோம் என்பதை மறைப்பன. அதிகாலை 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையே உடல் தானே உறக்கத்தை வேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் 4 விநாடி கண் அயர்ந்தால் லொறி 66 மீற்றருக்கு மேல் ஆளில்லாமல் ஓடிவிடும். செய்யத்தக்கது ஒன்றே: வீதியை விட்டு விலகி, வெளிச்சமுள்ள இடத்தில் நிறுத்தி, ஒரு தேநீர் குடித்துவிட்டு 20 நிமிடம் உறங்குதல். தேநீரின் வேகம் உடலிற் பரவ ஏறத்தாழ அரைமணி ஆகுமாதலின், குடித்தவுடன் உறங்குதற்குத் தடையில்லை. எழும்போது இரண்டின் பயனும் ஒருங்கே கிட்டும். பிந்தி வந்தமைக்காகச் சந்தை வியாபாரி ஏசுவார், ஏசட்டும்.

ஹபரணைப் பக்கம் யானை வழிமறித்தால் தொலைவிலேயே நிறுத்திக் காத்திருக்கவேண்டும். ஹோன் அடித்து விரட்ட முயலல் ஆகாது.

ஊதியம் பற்றிப் பேச இளைஞர் கூசுவர். நடைக்கு இவ்வளவு என்று வாங்குவோர் மிகப் பலர். மாதச் சம்பளத்தில் நிலையாய் அமர்ந்தவராயின் ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் பங்கு நூற்றுக்கு 8, முதலாளி பங்கு நூற்றுக்கு 12. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தரவேண்டியது நூற்றுக்கு 3. இது 1958 ஆம், 1980 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் வந்த உரிமை, முதலாளியின் கொடையன்று. சேரும் நாளிலேயே கேட்டுத் தெளிதல் நன்று. ஒரு கொப்பி வைத்து நாள், ஓடிய தூரம், அடித்த டீசல், செய்த பழுது இவற்றை எழுதிவரவேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றவர்க்கும் இஃது இயலும். சண்டை வரும்போது பேசுவது அக்கொப்பிதான். உடன்வரும் கிளீனர்த் தம்பியையும் பேர் சொல்லி அழைக்கவேண்டும். பின்னோக்கி எடுக்கும்போது அவன் குரலே சாரதிக்குக் கண்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் காட்டும் உப்பு வண்டியில், குழந்தையோடு இருக்கும் மனைவியே எருதை ஓட்ட, ஆடவர் அருகே காவலாய் நடக்கின்றனர். குடும்பமே வழியிற் சென்றது. இன்றைய சாரதியின் குடும்பம் வீட்டில் இருக்கின்றது, கைத்தொலைபேசியில் “எங்கே வந்துவிட்டீர்கள்?” என்று இரவு முழுதும் கேட்கின்றது. அன்பினாற் கேட்பதே, எனினும் விடை சொல்லும் கை ஸ்ரியரிங்கை விட்டு வருகின்றது. புறப்படுமுன்னரே “மதவாச்சியில் தேநீருக்கு நிற்பேன், அப்பொழுது பேசுவேன்” என்று சொல்லி வைத்தால், வீட்டாரும் அந்நேரம் வரை பொறுத்திருப்பர்.